என்ன லோடு அடித்த வண்டி?

மதுரையில் பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி இதுவரை என்ன லோடு அடித்தது?

நம் ஊர் வெயிலில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. நெல்லும் செங்கலும் ஏற்றிய வண்டியின் சேஸ் வருஷக்கணக்கில் திடமாக நிற்கும். தூத்துக்குடி உப்பும் ராமேஸ்வரத்து மீனும் ஏற்றிய வண்டி அப்படியல்ல. ஐஸ் கரைந்து மீன் பெட்டியிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர், பலகை இடுக்கு வழியே நேராகச் சேஸில் இறங்கும். உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால் வண்டி நிழலில் நின்றாலும் துரு ஏறிக்கொண்டே இருக்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்த வைத்ததும் உப்பரிப்புதான்.

இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடித்த இடத்தைக் குனிந்து பாருங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். நடுவே புகுந்து உப்பி, தகடுகளைப் பிளந்து தள்ளும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும்.

எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் நடக்கிற கூத்து இருக்கிறதே! துருவின் மேலேயே பெயின்ட். சிலர் கழிவு ஆயில் பூசுவார்கள். அது புழுதியைப் பிடித்துக்கொள்ளும், ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும். இத்தனைக்கும், அரிப்பை ஆராய்கிற சிக்ரி நிறுவனம் பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது.

துருவைச் சரியாகக் கையாள, முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். போர் தண்ணீர் கரித்தால் அதுவும் ஆகாது. பிறகு செதிலைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, பாஸ்பாரிக் அமிலமோ டானினோ கலந்த துருமாற்றியைப் பூசலாம். டானின் வேறொன்றுமில்லை, கடுக்காயின் துவர்ப்பு; இரும்போடு சேர்ந்து கறுத்துப் படியும். பிரைமரும் பெயின்ட்டும் அதற்குப் பிறகுதான்.

சேஸின் மேல், கீழ் விளிம்புகளில்தான் பாரத்தின் இழுப்பும் அமுக்கமும் அதிகம். துரு தின்ற இடத்தைச் சரிக்கட்ட அங்கே குறுக்கே பட்டை வைத்துப் பற்றவைத்தால் அந்தப் பற்றின் ஓரத்திலேயே விரிசல் புறப்படும். அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.