நம்பருக்குள் புதைந்த பெயர்கள்

பெயர் என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்கு உற்சாகம் பொங்கிவிடும். 2020-ஆம் ஆண்டில் 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டது. எந்த எழுத்தை எங்கே சேர்ப்பது என்று ஒரே அமளி. சில நாட்களில் ஆணை வாபஸ் ஆயிற்று. விழுப்புரம் ஆங்கிலத்தில் 'வில்லுப்புரம்' ஆவதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ரயில் நிலையப் பலகையில் ஏறிவிட்ட பெயர் எங்கும் ஓடிப் போகாது. எந்தப் பலகையிலும் ஏறாத பெயர்கள் அல்லவா தினம் ஒன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன?

திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்குள் போய்ப் பாருங்கள். தாங்கல், களர், கலங்கல், மேட்டுக்கொல்லை என்று நிலத்துக்கு நிலம் பெயர் சொல்வார்கள். இவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. களர் என்றால் பயிர் சரியாக வராத உப்பு மண். கலங்கல் என்றால் ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழியும் இடம். பெயரைச் சொன்னால் போதும், நிலத்தின் குணம் தெரிந்துவிடும்.

சர்வேக்காரர்கள் வந்து நிலத்துக்கு நம்பர் கொடுத்தார்கள். வரி வாங்க நம்பர் போதும். மழைக்குப் போதுமா? 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழையை எந்த ஊரும் தாங்காது என்பது வாஸ்தவந்தான். ஆனால் வெள்ளத்துக்குப் பட்டா எண் தெரியாது. பள்ளம் மட்டுமே தெரியும். தாங்கலைத் தூர்த்து மனை விற்கிறவன் முதலில் தூர்ப்பது அதன் பெயரைத்தான். 'தாங்கல்' என்று விளம்பரம் செய்தால் யார் வாங்குவார்கள்? ஆகவே அது ஏதோ ஒரு 'நகர்' ஆகிவிடுகிறது.

"ஏரியே போன பிறகு பெயர் எதற்கு?" என்பார்கள். திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்கிறார்கள். காடு இல்லை, பெயர் பிழைத்ததால் காட்டின் நினைவாவது பிழைத்திருக்கிறது.

அயர்லாந்தில் 1830-களில் ஆங்கில சர்க்கார் சர்வே நடத்தியபோது, ஜான் ஓடானவன் என்ற அறிஞர் ஊர் ஊராகச் சென்று, முதியவர்கள் வாயால் பெயர்களைக் கேட்டு எழுதினார். இங்கே ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் 'தமிழகம் ஊரும் பேரும்' தந்தார். அவர் ஊர்ப் பெயர்களை ஆராய்ந்தார்; வயலின் பெயரைத் தேடுவது நம் வேலை.

அதைப் பெரிய வீட்டுத் திண்ணையில் மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பக்கூடாது. நாற்று நட்ட கிழவிக்கும், ஆடு மேய்த்தவனுக்கும், காலமெல்லாம் கூலிக்கு உழுத சேரிக்காரருக்கும் தெரிந்த பெயர்கள் திண்ணைக்குத் தெரியாது.

செலவு என்ன பிரமாதம்? ஒரு நோட்டுப் புத்தகம்; படிக்கத் தெரிந்த நாலு பிள்ளைகள். சர்வே நம்பருக்கு எதிரே ஊரார் சொல்லும் பெயரை எழுதி, ஆகஸ்டு 15-இல் கூடும் கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். தவறு இருந்தால் கிழவிகளே திருத்துவார்கள். அந்தக் கிழவிகள் இருக்கும்போதே செய்யவேண்டும்.