தகட்டுக்குத் தடிமன் உண்டு

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் 'காப்பர் பாட் ஸ்டில்' என்று தலைப்பு கொடுத்துப் பாருங்க. "மச்சி, சரக்கு காய்ச்சப் போறியா?" என்று வகுப்பே சிரிக்கும். கைடு பேனாவை மூடி வைத்துவிடுவார்.

ஆனா இதே சாதனத்துக்குத் தமிழில் பழைய பேர் ஒன்று இருக்கு: வாலை. சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்குவது இதில்தான். வயிறு சரியில்லன்னா அம்மா கொடுக்கிற ஓம வாட்டர், ஊட்டிக்குப் போனா வாங்கிட்டு வர்ற நீலகிரித் தைலம், எல்லாம் இந்த வழியில் பிறந்தவைதான். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றைக்கும் 'தேக்' என்கிற செப்புப் பானையில் மூங்கில் குழாய் பொருத்தி அத்தர் இறக்குகிறார்கள்.

மெக், புரொடக்ஷன், கெமிக்கல் ஜூனியர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: ஃபைனல் இயரில் இதை எடுங்க. எலுமிச்சைப் புல் தைலம் இறக்க ஒரு சின்ன செப்பு வாலை. தகடு வாங்கி, வரைந்து, வெட்டி, வளைத்து, பற்றவைத்து, எல்லாம் உங்க கையாலேயே. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து டப்பாவை வாங்கி, அவங்க எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை மனப்பாடம் பண்ணி வைவாவுக்குப் போறதை விட இது எவ்வளவோ மேல்.

ஏன் வாலை? நம்ம சிலபஸ் சரியா தப்பான்னு அது உடனே சொல்லிவிடும். முதல் வருஷ கிராஃபிக்ஸில் 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்' போட்டோமே, ஞாபகம் இருக்கா? உள்விட்டம் 250 மி.மீ., உயரம் 250 மி.மீ. உள்ள சிலிண்டரை எடுத்துக்குங்க. கொள்ளளவு சுமார் 12 லிட்டர். விரித்தால் நீளம் பை இன்டு டி, 785 மி.மீ. பரீட்சையில் ஃபுல் மார்க். 1 மி.மீ. செப்புத் தகட்டை அதே அளவில் வெட்டி வளைத்தால் சுமார் 3 மி.மீ. இடைவெளி விழும். வளைக்கும்போது தகட்டின் உள்பக்கம் சுருங்குது, வெளிப்பக்கம் நீளுது. நீளம் மாறாமல் இருப்பது நடுக்கோடு மட்டும்தான். அதனால் 251-ஐ விட்டமாக வைத்துக் கணக்குப் போடணும். மேலே ஒட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் சேர்க்கணும். டிராயிங் ஷீட்டில் தகட்டுக்குத் தடிமன் கிடையாது. பட்டறையில் உண்டு.

அடுத்து மூடி. கீழே 250, மேலே 50, உயரம் 150 மி.மீ. உள்ள வெட்டுக்கூம்பு. விரித்தால் வெளி ஆரம் 225, உள் ஆரம் 45, கோணம் 200 டிகிரி. முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்க. அது பொருந்தின பிறகு தகட்டில் கை வைக்கலாம்.

மெட்டலர்ஜி பேப்பரும் இங்கே வருது. செம்பைத் தட்டத் தட்ட இறுகும், விட்டால் விரிசல் விடும். மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகிவிடும். இரும்பு மாதிரி கெட்டியாகாது. 'க்வென்ச்சிங் என்றால் ஹார்டனிங்' என்று எழுதிப் பழகின நமக்கு இது நல்ல அடி.

கண்டென்சருக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர். 2 கிலோவாட் சூடு முழுசும் தண்ணீருக்குப் போனால் மணிக்கு 3 கிலோ சொச்சம் ஆவி வரும். அதைக் குளிர்விக்கிற தண்ணீர் 20 டிகிரி மட்டும் சூடாகணும்னா, நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் ஓடணும். கணக்கு தப்பினா குழாய் முனையில் சொட்டுக்குப் பதில் ஆவி வரும்.

இப்போ பயங்களுக்கு வருவோம். ஹெச்.ஓ.டி. தயங்குவதில் நியாயம் இருக்கு. 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, சாராயம் காய்ச்சுவது மட்டுமில்ல, அதற்கான சாதனத்தை வைத்திருப்பதே குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதை மறந்துட்டு இதில் விளையாட்டு வேண்டாம். எழுத்தில் அனுமதி வாங்குங்க, லேபிலேயே செய்யுங்க, லேபிலேயே பூட்டி வைங்க. புளித்த எதையும் உள்ளே போடாதீங்க.

பாதுகாப்பில் மூன்று விஷயம். ஆவி போகிற வழியில் வால்வு எதுவும் கூடாது. புல் போய்க் குழாயை அடைக்காமல் வலை வைக்கணும், அடைத்தால் அது வாலை இல்ல, வெடிகுண்டு. ஈயம் கலந்த சால்டர் வேண்டாம், ஈயம் விஷம். ஈயம் இல்லாத வெள்ளீய சால்டர் 230 டிகிரி அருகே உருகும். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை பிரச்சினை இல்ல, வற்றினால் ஒட்டு விட்டுவிடும். அதனால் அடுப்பை விட்டு யாரும் நகரக்கூடாது.

"இதனால பிளேஸ்மென்ட் கிடைக்குமா?" என்று கேட்பீங்க. ரெஸ்யூமேயில் 'ஏஐ' என்று எழுதுகிற அளவுக்கு இது மின்னாதுதான். செலவும் உண்டு. உடம்பு, அடி, மூடி மூன்றுக்கும் சேர்த்து 3 கிலோ தகடு, வெட்டில் வீணாவது தனி. நாலு பேர் பகிர்ந்தால் தாங்கும். பழைய செம்புக்கும் விலை இருப்பதால் பாதி காசாவது திரும்பும்.

ஆனா இதை யோசிங்க. நாலு வருஷத்தில் நம்ம கையால் செய்த ஒரே தகட்டுச் சாமான் ஒர்க்ஷாப் லேபில் செய்த டிரேதான். அதில் யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அண்டாவுக்கு அடி மாற்றுகிற பாத்திரக்கடை அண்ணன், வேலை முடிந்ததும் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார். ஒழுகினால் வாடிக்கையாளர் காசு தரமாட்டார். நமக்கோ ஒழுகினாலும் டிகிரி வந்துவிடுகிறது.

டைட்டில் கொடுக்க இன்னும் நாள் இருக்கு. அதற்குள் அந்த அண்ணன் கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்க. பிறகு முடிவு பண்ணுங்க.