இசைநூலகமும் எளிமையும்

செல்வத்தைச் சேர்த்தல் ஒன்று. சேர்த்ததை வேண்டும்போது எடுத்துப் பயன்கொள்ளுதல் மற்றொன்று. குதிர் நிறைய நெல்லை நிரப்பியவன் குதிர்வாயை அடைத்துவிட்டால், அவன் வீட்டிலும் பசி இருக்கவே செய்யும். கணினியிலும் கைப்பேசியிலும் இன்று அமைந்துள்ள இசைநூலகங்கள் பலவற்றின் நிலை இதுவே. ஆயிரக்கணக்கான பாடல்கள் அங்கு உள்ளன. விரும்பியதை அடையும் வழியோ சிக்கலாக உள்ளது. அவ்வழியை எளிதாக்குதல் வேண்டும்.

இசையை வகுத்துவைக்கும் முறை நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே, பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. கிரந்த எழுத்தில் 38 வரிகளாக அமைந்த அதனைக் கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் அறிஞர் பலர். அதனை ஆக்குவித்த அரசன் சுரங்களை ஒருசேரக் கொட்டிவைக்கவில்லை. ஏழு இராகங்களின் பெயரால் ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றினுள்ளும் நந்நான்கு சுரங்களாக நிரல்படுத்தினான். மாணாக்கர் நலங்கருதிச் செய்யப்பட்டது என்று கல்வெட்டே கூறுகின்றது.

தேவாரப் பதிகங்களையும் நோக்குவோம். அவற்றைப் பண் வரிசையில் தொகுப்பது பண்முறை. ஊர் வரிசையில் தொகுப்பது தலமுறை. பண்முறையில், முதல் திருமுறையின் முதல் 22 பதிகங்களும் நட்டபாடை என்னும் ஒரே பண்ணின்கீழ் நிற்கின்றன. அப்பண்ணைப் பயில விழைவோன் அவற்றை ஒருங்கே பெறுவான். தன் ஊர்க் கோயிலின் பதிகத்தை நாடுவோனுக்குத் தலமுறை உதவும். பாடல் ஒன்றே, அதனை அடையும் வாயில் இரண்டு.

இன்றைய இசைநூலகமும் இவ்வழியில் செல்லலாம். கேட்போர் இயல்பாக வினவுவன சிலவே. பாடியவர் யார்? இயற்றியவர் யார்? பண் அல்லது இராகம் யாது? கருவி யாது? இந்நான்கும் முகப்பில் வாயில்களாக அமைந்தால் போதும். பாடியவர் பெயரை மட்டும் வாயிலாக்குதல் குறையாகும். கஞ்சிராவை இசையரங்கில் நிலைபெறச் செய்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவ்வூர் மாணவன் ஒருவன் நல்ல கஞ்சிரா வாசிப்பைக் கேட்க விரும்பினால், பக்கவாத்தியம் வாசித்தவர் பெயரும் கருவியும் குறிக்கப்படாத நூலகத்தில் அவன் யாது செய்வான்?

பெயர் எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். காம்போதி, காம்போஜி என ஒரே இராகத்தை இருவகையாக எழுதினால், கணினி அவற்றை இரண்டாகவே கொள்ளும். பாடற்கோப்பினுள்ளேயே பாடகர், இராகம், ஆண்டு முதலிய குறிப்புகளைப் பதிந்துவைக்க இன்று இயலும். அக்குறிப்புகள் செம்மையாயின் தேடுதலும் செம்மையாகும்.

“தேடுபொறி இருக்க, வகுத்துவைப்பது எதற்கு?” எனச் சிலர் வினவுவர். பெயர் அறிந்தவனுக்கே தேடுபொறி உதவும். அறியாதவனுக்கு வகுப்புமுறையே வழிகாட்டும். கற்கத் தொடங்குவோர் பலரும் பெயர் அறியாதவர் அல்லரோ? இன்னும் சிலர், எளிமை என்று கருதி இராகம், தாளம் முதலிய குறிப்புகளையே நீக்கிவிடுகின்றனர். அஃது எளிமையன்று, வறுமை. குறிப்புகள் நிறைந்திருக்க, வாயில்கள் சிலவாக இருத்தலே எளிமை.

மாணவர்களே! உங்கள் ஊர் முதியோர் பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் நீங்கள் கைப்பேசியில் பதிவு செய்யக்கூடும். பதிந்த அன்றே பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டின் வகை ஆகியவற்றை எழுதிவையுங்கள். வெறும் எண்ணோடு கிடக்கும் பதிவு, பாடியவர் மறைந்தபின் எவர்க்கும் அகப்படாது. கண்டெடுக்க இயலாத பாட்டு, இழந்த பாட்டே ஆகும்.