மங்கலான அறையில் ஒரு டாக்டர்

போன வாரம் என் அக்காள் மகள் வந்திருந்தாள். எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்று வருஷம் ரேடியாலஜி படித்து, இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. வந்தவள் காப்பியைக்கூடத் தொடாமல், "சித்தி, பேசாமல் வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ராத்திரியில் ஓட வேண்டாம், பெண்ணுக்கு ஏற்ற படிப்பு' என்று அவளை இதில் சேரச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி ஆயிற்றே!

"அதெல்லாம் பழைய கதை சித்தி. விபத்தோ, பக்கவாதமோ, நடுராத்திரியானாலும் உடனே சி.டி. ஸ்கேன்தான். ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படம். எதையும் விட்டுடக் கூடாது. படிக்கிறப்போ பக்கத்தில் புரொபசர் இருந்தார். இப்போ கையெழுத்து என்னோடது. படுத்தாலும், 'அந்த நிழலைச் சரியாப் பார்த்தேனா'ன்னு மனசு அடிச்சுக்குது. நாள் முழுக்க அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தோள்வலி வேற. இத்தனைக்கும் வர்றவங்க என்னை, 'படம் எடுக்கிற பொண்ணு'ம்பாங்க!"

எனக்குச் சுருக்கென்றது. நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்?

இன்னொரு சங்கடமும் உண்டாம். கர்ப்பிணியுடன் வரும் மாமியார், "ஆணா, பெண்ணான்னு ஜாடையாச் சொல்லும்மா" என்று கெஞ்சுவாராம். 1994-ஆம் வருஷச் சட்டப்படி சொல்லும் டாக்டருக்கு மட்டுமல்ல, கேட்கும் உறவினருக்கும் சிறைத்தண்டனை உண்டு. கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்குத் தனிப் படிவம் வேறு. அதில் குறை இருந்தாலும் டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அப்போ திருப்தியே இல்லையாடி?" என்றேன்.

சற்று யோசித்தாள். "இருக்கு சித்தி. போன மாசம் வயிற்றுவலின்னு ஒரு பெண் வந்தா. கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்ததைப் பார்த்துட்டேன். உடனே ஆபரேஷன், பிழைச்சுட்டா. அவளுக்கு என் பேர்கூடத் தெரியாது."

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சந்தேகமான படத்தை மூத்த டாக்டரிடம் காட்டிக் கேள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. வேலையை விடுவதைப் பற்றி ஆறு மாசம் கழித்து யோசிக்கலாம்" என்றேன். தலையாட்டிவிட்டு, ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணிக் கொண்டாள்.

சகோதரிகளே, ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவை பெரிய உதவி. நாள் தள்ளியிருந்தால் எக்ஸ்-ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆணா, பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். கிளம்பும்போது, அந்த மங்கலான அறையில் இருக்கும் பெண்ணிடம், "வரேன் டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நமக்கு அதில் என்ன குறைந்துவிடப் போகிறது?