வீதி விளக்கை யாரிடம் கேட்பது?

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், பிரதேச நிருபர்கள் தபாலில் அனுப்பும் செய்திகளைச் செப்பனிடுவதே எனக்குத் தரப்பட்ட வேலை. "வீதி விளக்குகள் ஒளிராமையால் பொதுமக்கள் அசௌகரியம்." "கட்டாக்காலி மாடுகளால் விபத்து அபாயம்." "மதகு உடைந்து மூன்று மாதம், சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?" இவைதாம் தலைப்புகள். ஆசிரிய பீடத்தில் இவற்றைப் படித்துச் சிரிப்போம். பக்கத்தில் இடம் மிஞ்சினால் ஒரு மூலையில் போடுவோம்; பிந்தி ஒரு விளம்பரம் வந்து சேர்ந்தால் முதலில் தூக்குவதும் இவற்றைத்தான். நானும் சிரித்தவன், தூக்கியவன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு விட்டே மேலே எழுதுகிறேன்.

உள்ளூராட்சி சபைகள் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கும் படித்தவர்கள் நம்மிடையே பலர். புலம்பெயர்ந்த நண்பர்களும் தொலைபேசியில் இதனையே கேட்கின்றனர். மதகும் விளக்கும் பேசுகிற சபைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்பது அவர்களுடைய வாதம். அவர்களுக்கு 2017 ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். கொலன்னாவைக்கு அருகே மீதொட்டமுல்லவில் கொழும்பு மாநகரின் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் மாண்டனர். அந்த மலையின் அடிவாரத்தில் வாழ்ந்த மக்கள் ஆண்டுக்கணக்காக வீதிக்கு இறங்கிப் போராடியவர்கள். சுவர் வெடிக்கிறது, நிலம் பொங்குகிறது, பிள்ளைகளுக்கு நோய் வருகிறது என்று கத்தினார்கள். 2009 இல் புளுமெண்டால் குப்பைமேடு நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட பின்னர் நகரத்தின் குப்பை முழுவதும் அவர்களுடைய தலைமாட்டில் வந்து குவிந்தது.

சரி, அந்த ஏப்ரலில் அவர்களுடைய முறைப்பாட்டைச் சபையில் எழுந்து நின்று பேசக்கூடிய உறுப்பினர் யார்? ஒருவரும் இலர். நாட்டின் உள்ளூராட்சி சபைகள் ஏறத்தாழ எல்லாமே 2015 இல் காலாவதியாகிவிட்டன. எல்லை நிர்ணயம் முடியவில்லை, சட்டத் திருத்தம் முடியவில்லை என்று நாளைக் கடத்தி, 2018 பெப்ரவரி 10 ஆம் திகதிதான் தேர்தலை நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். அந்த அதிகாரிகளைக் குறை கூறவில்லை. கோவையில் எழுதியிருப்பதைச் செய்வது அவர்கள் கடமை. வீட்டுச் சுவரில் விழுந்த வெடிப்பு கோவையில் எழுதியிருக்காது.

மக்கள் பிரதிநிதிகள் இருந்த காலத்திலும் குப்பை அங்கேதான் கொட்டப்பட்டது. அதனை மறைக்க மாட்டேன். ஆயினும் கொட்டியவரின் பெயரைச் சொல்லி அடுத்த தேர்தலில் தண்டிக்கும் வாய்ப்பாவது அப்போது இருந்தது. சரிவின் பின்னரோ மாநகர சபை, மாகாண சபை, அமைச்சு என்று பொறுப்பு பந்தாக உருண்டது. விசாரணைக்கு ஆணைக்குழு வந்தது. பிணங்களை அடக்கம் செய்த குடும்பங்களுக்கு, இவர்தான் எமது ஆள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஒருவர் அகப்படவில்லை.

அதே 2017 இல் இந்நாடு அதுவரை கண்டிராத டெங்குக் கொள்ளைநோய். 186,000 இற்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவாகினர். சபை இல்லாமையால்தான் நுளம்பு பெருகியது என்று சொன்னால் அது பொய். ஆனால் வடிகால் துப்புரவும் கழிவகற்றலும் உள்ளூராட்சி சபைகளின் வேலை. அந்த வேலை நடக்கிறதா என்று வாசலில் வந்து பார்க்க வேண்டியவர்கள் நாடு முழுவதும் இல்லாத ஓர் ஆண்டில்தான் அது நடந்தது.

சபை இருந்தால் விபத்து நேராதா? நேரும். 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டும் வேலை முடியாமையால் மக்கள் மிதவைப் பாதையில் களப்பைக் கடந்தனர். காலையில் பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளுடன் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நகர சபை இருந்தது. பாதைச் சேவைக்கு அனுமதி வழங்கிய விவகாரத்தில் அதன் தவிசாளரே கைதானார். இதைச் சொல்லி, பார்த்தீர்களா, சபையால் பயனில்லை என்பார்கள். நான் எதிர்மாறாகப் படிக்கிறேன். கிண்ணியாவில் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார். மீதொட்டமுல்லவில் அந்த ஆள்கூட இல்லை.

இவ்வளவும் கண்ட பின்னரும் 2023 இல் மறுபடி அதே கூத்து. வேட்புமனு ஏற்று, மார்ச் 9 என்று நாளும் குறித்த தேர்தலைத் திறைசேரியில் காசில்லை என்று சொல்லி நிறுத்தினர். மார்ச் 19 நள்ளிரவுடன் சபைகள் கலைந்தன. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 ஆம் திகதி. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டின் ஒழுங்கைகளுக்குப் பிரதிநிதி கிடையாது!

கொழும்பை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. நம் தமிழ்க் கட்சிகள் அந்த இரண்டாண்டும் என்ன செய்தன? அறிக்கை விட்டன. அறிக்கைக்கு மேலே ஒரு துரும்பையும் அசைத்ததாக எனக்குத் தெரியவில்லை. தேர்தல் வந்ததும் பிரதேச சபைத் தேர்தலை இனத்தின் தலைவிதிக்கான வாக்கெடுப்பு என்று மேடையில் முழங்கினார்கள். இனப்பிரச்சினை பெரிது, அதை நான் சிறுமைப்படுத்துவேனா? 1998 இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர்கள் இருவர், சரோஜினி யோகேஸ்வரனும் பொன். சிவபாலனும், நான்கு மாத இடைவெளியில் கொல்லப்பட்ட மண் இது. முதல்வர் கதிரையில் அமர்வதே உயிராபத்தாக இருந்த காலத்தைச் செய்தியாக எழுதியவர்கள் நாங்கள். அந்தக் கதிரை இன்று பேரம் பேசும் பண்டமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

2018 முதல் உறுப்பினர் தொகை நாலாயிரத்து ஐந்நூறு அளவிலிருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் உண்டு. ஆகவே, எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. அவர் கையாளும் பழைய தந்திரம் ஒன்றுண்டு: "ஐயா, அது எங்கட வீதி இல்லை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர வீதி." அங்கே போனால் மாகாணத் திணைக்களத்தைக் காட்டுவார்கள். இருட்டில் விழுந்து கால் முறிந்த கிழவிக்கு வீதியின் உரிமையாளர் யாரென்ற ஆராய்ச்சி எதற்கு? அந்த மூன்று வாசலிலும் ஏறி இறங்கத்தானே உறுப்பினரை அனுப்பினோம்! முறைப்பாட்டை மாதாந்தக் கூட்டத்தில் எழுப்பி, கூட்டறிக்கையில் பதியச் செய்வது அவர் வேலை. பதிந்ததா என்று கேட்க நமக்கு 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் மூன்று விளக்குகளில் ஒன்றுதான் எரிகிறது. அதன் முடிவில், ஆளில்லாத வளவொன்றில், கட்டுச்சுவர் இடிந்த கிணறு. பக்கத்து வீட்டில் இரண்டு சிறுபிள்ளைகள். வட்டார உறுப்பினரிடம் கடிதம் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பார்வையாளர் பகுதியில் போய் உட்காரப் போகிறேன், குறிப்புப் புத்தகத்துடன்.