நாய்க்கும் கல் இருக்கு

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மன் காலத்தது, வயசு சுமார் 1400. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் பேர் அதில் வெட்டியிருக்கு. திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பேரும் இருக்கு: கோவிவன்.

இந்த வட்டாரத்துக் கல்லையெல்லாம் வயக்காட்டிலிருந்து புத்தகத்துக்குக் கொண்டுவந்தது தமிழ்நாடு தொல்லியல் துறை. 'செங்கம் நடுகற்கள்' 1972ல் வந்தது. இயக்குநர் இரா. நாகசாமி. சென்னை அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்து, 1966 முதல் 1988 வரை துறையை நடத்தியவர். ராசா கட்டின கோயில்தான் வரலாறு என்றிருந்த இடத்தில் மாடு காத்தவன் கல்லையும் வரலாறாக்கிய வேலை அது. சாதாரண வேலையில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்குப் போகணும்.

பத்தூர் நடராசர் சிலை 1976ல் நிலமில்லாத ஒரு கூலிக்காரர் வெட்டிய மண்ணில் கிடைத்தது. திருட்டுத்தனமாக லண்டன் போனது. நாகசாமி அங்கே போய்ச் சாட்சி சொன்னார். சிவனே வாதியாக நின்று ஜெயித்தார், 1991ல் சிலை ஊர் திரும்பியது. சாமி சட்டப்படி ஆளாகிவிட்டது. மண் வெட்டியவர்? கதையில் ஒரு வரி.

அப்புறம் அதே நாகசாமி, திருக்குறளே சாத்திரங்களின் சுருக்கம் என்று ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். எந்தச் சாத்திரம் அய்யா? நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியதே, அதுவா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்று வெட்டி வைத்திருக்கிறான் ராசராசன். ஆயுசு பூரா கல்வெட்டு படித்தவருக்கு இது தெரியாததா? தெரிந்த கல்லை வைத்து அவர் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் நம்ம வழக்கு.

2002ல் அண்ணாமலையார் கோயிலை மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு உச்சநீதிமன்றம் போனது, கோயில் அறநிலையத் துறைக்கே திரும்பியது. கோபுரம் யாருக்கு என்று டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு. கோயில் வாசலைத் தாண்ட விடாத சனங்களைப் பற்றி அதில் ஒரு பேச்சில்லை. இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், 2023 சனவரி 30ல், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் முதல்தடவையாகக் கால் வைத்தார்கள். அதுக்குக் கலெக்டரும் போலீசும் கூட வரவேண்டியிருந்தது.

நாகசாமி 2022ல் மறைந்தார். துறை இருக்கு, பணம் இருக்கு, அருங்காட்சியகமும் இருக்கு. வயல் வயலாக நடுகல் தேடியவர்கள் தென்முடியனூர் வாசலையும் பதிவு செய்யட்டும். டீக்கடை ரெட்டை டம்ளரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். எந்த ஊர், எந்தக் கடை, எந்த வருசம் என்று பக்கத்தில் எழுதி ஒட்டட்டும்.