குத்துச்சண்டையும் கலப்புச் சண்டையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

காலம் மாறும்போது இளைஞரின் கனவுகளும் மாறுகின்றன. ஒரு காலத்தில் வடசென்னை இளைஞனின் கனவு குத்துச்சண்டை மேடை. இன்றோ எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயில் மதிலோரம் மாலையில் கூடும் பையன்களின் பேச்செல்லாம் எம்.எம்.ஏ. எனும் கலப்புச் சண்டையைப் பற்றியதே. குத்து, உதை, கட்டிப் பிடித்து வீழ்த்தல், கழுத்தை இறுக்கல் எல்லாம் அதில் உண்டு. கைப்பேசியில் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். குத்துச்சண்டை என்றால், "அதுல கை மட்டும்தானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இந்த மாற்றம் நல்லதா?

எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. என் தம்பிக்கு வயது பதினேழு. கைப்பேசியைப் பார்த்தே கலப்புச் சண்டை பழகினான். சென்ற கோடையில் மொட்டை மாடியில் நண்பனோடு மோதியபோது அவனது வலது மணிக்கட்டு முறிந்தது. அப்பாவின் தறியில் உடன் அமர்ந்து கோர்வைக்கு நாடா தள்ளுபவன் அவன். கட்டுப் பிரிக்கும் வரை ஆறு வாரம் நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். "இனி இந்த வீட்டில் சண்டை என்ற பேச்சே வேண்டாம்" என்றார் அப்பா. அவர் கோபம் நியாயமானது. ஆனால் முடிவு சரிதானா என்று தறியில் உட்கார்ந்தபடியே எண்ணிப் பார்த்தேன்.

கலப்புச் சண்டை நேற்று முளைத்ததன்று. 1976இல் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் மல்யுத்த வீரர் இனோக்கியும் பதினைந்து சுற்றுகள் மோதினர். இனோக்கி மல்லாந்து படுத்தபடியே அலியின் கால்களை உதைத்தார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1993இல் அமெரிக்காவில் யு.எப்.சி. தொடங்கியது. 2024இல் உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர், அம்மேடையில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் இதில் கனவு காண்பதை யார் குறை சொல்ல முடியும்?

குத்துச்சண்டைக்கும் நம் மண்ணில் நீண்ட வேர் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் சென்னைக்கு வந்த அந்த ஆட்டத்தை வடசென்னை உழைப்பாளர்கள் தமதாக்கிக் கொண்டனர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் எழுந்தன; வாத்தியார் சொல்லே வேதமாயிற்று. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அதை நமக்கு நினைவூட்டிற்று. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினார். 1994இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் சென்னை வீரர் தேவராஜன் வெண்கலம் வென்றார்.

அப்படியானால் குத்துச்சண்டை பாதுகாப்பானது, கலப்புச் சண்டை முரட்டுத்தனமானது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? முடியாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கலப்புச் சண்டை வீரர்களில் 59 விழுக்காட்டினரும் குத்துச்சண்டை வீரர்களில் 50 விழுக்காட்டினரும் காயமுற்றிருந்தனர். ஆனால் நினைவிழந்தோர் கலப்புச் சண்டையில் 4 விழுக்காடு. குத்துச்சண்டையிலோ 7 விழுக்காடு. ஒன்றில் காயம் அதிகம். மற்றொன்றில் மூளைக்கு ஆபத்து அதிகம். எதையும் விளையாட்டாக எண்ணிவிட முடியாது.

ஆகவே எது உயர்ந்தது என்பதைவிட, எப்படிக் கற்கிறோம் என்பதே கேள்வி என்பது என் கருத்து. எங்கள் தறியையே பாருங்கள். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, இழையோடு இழை பூட்டுவதே கோர்வை. சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பார்கள். ஆனால் கோர்வை பழகும் பையனை அப்பா முதல் நாளே கரையில் கைவைக்க விடமாட்டார். இழை முடியவும், நாடாவை ஒரே சீராகத் தள்ளவும் அறிந்த பிறகே கோர்வை. கலப்புச் சண்டையும் ஒரு கோர்வைதான். குத்து, மல், உதை மூன்றையும் பூட்டுவது. ஒன்றையாவது முறையாகக் கல்லாதவன் எதை எதனோடு பூட்டுவான்? கைப்பேசி, கலந்ததைக் காட்டுகிறது. கற்ற ஆண்டுகளைக் காட்டுவதில்லை. என் தம்பியின் மணிக்கட்டு முறிந்தது அந்த இடைவெளியில்தான்.

போதிதருமர் நம் காஞ்சியிலிருந்து சென்று சீனருக்குச் சண்டை கற்பித்தார் என்று பெருமை பேசுகிறோம். அது பிற்காலத்து மரபுக் கதை. இந்நகரை ஆண்ட நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பெயர் பெற்றதோ வரலாறு. எனினும் பழம்பெருமை பேசினால் மட்டும் மணிக்கட்டு வலுப்பெறாது. அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

எனவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். வாரம் இரண்டு மாலை, நம் மைதானத்தில் தேர்ந்த பயிற்சியாளர் ஒருவரைக் கொண்டு குத்துச்சண்டையும் மல்யுத்தமும் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டும் ஒலிம்பிக் விளையாட்டுகள். இரண்டுக்கும் ராணுவத்திலும் ரயில்வேயிலும் அணிகள் உண்டு. தறியை நம்பிப் பிழைக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வழி. அதன்பின் கலப்புச் சண்டைக்குப் போக விரும்புவோர் போகட்டும். கற்ற கையோடு போகட்டும்.

கட்டுப் பிரித்த அன்று தம்பி என்னிடம் கேட்டது ஒன்றே: "அண்ணா, யாராவது சொல்லிக் கொடுப்பாங்களா?" இன்னும் நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.